ஓடுவதற்கு முன் பத்து நிமிடம்

பி.டி. பீரியட் தொடங்கியதும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, குனிந்து கால் விரலைத் தொடச் சொல்லி, அப்படியே அரை நிமிடம் பிடிக்க வைப்பது பல பள்ளிகளில் இன்னும் நடக்கிறது. அடுத்த விசிலுக்கு நூறு மீட்டர் ஓட்டம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை விளையாட்டு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் முன்னால் இது வேண்டாம். இழுத்துப் பிடித்த தசை கொஞ்ச நேரத்துக்கு வெடுக்கென்று வேலை செய்யாது. அமெரிக்காவில் 60 பிள்ளைகளைச் சோதித்து 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓடியாடி உடம்பைச் சூடேற்றிய நாளில், மேலே எம்புவதும், இரண்டு கோட்டுக்கு நடுவே போய்த் திரும்பி ஓடும் ஷட்டில் ஓட்டமும் அதே பிள்ளைகளுக்கு நன்றாக வந்தன. நின்று இழுத்துப் பிடித்த நாளில் இரண்டும் குறைந்தன. குனிந்து தொடும் அளவில் மட்டும் வித்தியாசம் இல்லை.

சரி, அப்போது என்ன செய்வது?

முதல் மூன்று நிமிடம் விளையாட்டு. மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னால் பாதிப் பேர் இரண்டாவது சுற்றிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். நொண்டி வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பில் ஒரு கட்டம் போட்டு, இரண்டு பேர் நொண்டியடித்துத் துரத்தட்டும், மற்றவர்கள் ஓடட்டும். வழக்கமான விதியில் ஒரு மாற்றம்: பிடிபட்டவன் வெளியே போய் உட்காரக் கூடாது, அவனும் சேர்ந்து நொண்டியடிக்க வேண்டும். விசில் அடித்தால் கால் மாற்ற வேண்டும். நெற்றியில் லேசாக வியர்வை, மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறது என்ற நிலை வந்தால் போதும்.

அப்புறம் நான்கு நிமிடம், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. போகும்போது பயிற்சி, திரும்பும்போது நடை. முழங்காலை இடுப்பு வரை தூக்கி ஓடுவது, குதிகால் பிட்டத்தைத் தொடும்படி ஓடுவது, பெரிய அடியாக வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது, பக்கவாட்டில் நகர்வது, கையை முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே நடப்பது. ஒவ்வொன்றும் ஒருமுறை போதும், அதிகமானால் இரண்டு.

இதன் முடிவில் இரண்டு காலையும் சேர்த்து ஐந்து முறை குதிக்கச் சொல்வேன். நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் காதைக் கொடுங்கள். 'தொப்'பென்று சத்தம் வந்தால் பிள்ளை முழங்காலை மடக்காமல் இறங்குகிறது. பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கச் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள். பிறகு முன்னால் போய் நின்று பாருங்கள். இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கமாகச் சேர்ந்தால், பாத விரல்கள் இருக்கும் திசையிலேயே முழங்காலும் போக வேண்டும் என்று சொல்லித் திருத்துங்கள். கால்பந்து ஆடும் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக உருவான 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' திட்டத்திலும் சமநிலை, குதித்தல், சரியாக விழுதல் எல்லாம் உண்டு. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

கடைசி மூன்று நிமிடம், ஆடப்போகும் ஆட்டத்துக்கானது. ஓட்டக்காரருக்கு இருபது மீட்டரில் மூன்று ஓட்டம்: பாதி வேகம், முக்கால் வேகம், ஏறக்குறைய முழு வேகம். நீளம் தாண்டுபவருக்குக் குறுகிய ஓட்டத்தில் இரண்டு தாண்டல். கபடிப் பிள்ளைகளுக்கு, என் கை காட்டும் பக்கம் சட்டென்று திரும்பி நகர்வது. இதிலேயே களைத்துப்போனால் பயன் இல்லை. ஏப்ரல் வெயிலில் நொண்டியை நிழலில் வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். மார்கழிக் காலையில் கூடுதலாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனால் தலைவலி வேறு மாதிரி. ஒன்பது மணிக்கு என்று சொன்ன ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டம், பதினொன்றுக்குத்தான் நடக்கும். ஒன்பதுக்கே எல்லாம் செய்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தால் கால் மணி நேரத்தில் உடம்பு ஆறத் தொடங்கிவிடும். அதனால் பிள்ளைகளை நிழலில் உட்கார வையுங்கள், முந்தைய பிரிவைக் கூப்பிட்டதும் முழுதாக ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகும் காக்க வைத்தால், நின்ற இடத்திலேயே முழங்கால் தூக்கி அரை நிமிடம், நான்கு குதி, இடம் இருந்தால் ஒரு சின்ன ஓட்டம். ஷூ லேஸைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிக் கட்டி அனுப்பிவிடுங்கள்.