மரண தண்டனை பெற்றவர் உண்மையிலேயே கொன்றாரா? வாசிகசாலையில் வழக்குக் கதைக்கும் முறை

கொலை வழக்குப் பற்றிக் கதைக்காத யாழ்ப்பாணத்தார் இல்லை. சலூன் கதிரையில், மினிபஸ்ஸில், செத்தவீட்டுப் பந்தலுக்குள் கூட ஒருவர் "அவன் செய்திருக்க மாட்டான்" என்று தொடங்குவார். "அவன்ரை தேப்பனையே எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று மற்றவர் முடிப்பார். நடுவில் வழக்கு மட்டும் வராது.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி சொன்னதை எழுதி, என் மனதில் தோன்றியதை எழுதாமல் விடுவதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் உயர்தரப் பிள்ளைகளையும் ஓய்வூதியக்காரரையும் ஒரே மேசையில் இருத்தி, தண்டனை பெற்ற ஒருவர் உண்மையிலேயே குற்றவாளியா என்று விவாதிக்க விடுகிறேன். பக்கத்து ஊர்களிலும் தொடங்க வேண்டும், எப்படி என்று கேட்கிறார்கள். அதற்காக இது.

வழக்கைத் தெரிவு செய்வதில்தான் பாதி வேலை. உள்ளூர் வழக்கை மேசைக்குக் கொண்டு வராதீர்கள். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2015 மே மாதம் ஊர் கொதித்தது, நீதிமன்றக் கட்டடத்துக்கே கல் விழுந்தது. பிறகு குற்றம் சாட்டப்பட்டு நின்ற ஒன்பது பேரும்தான் செய்தது என்று சந்திக்குச் சந்தி தீர்ப்பு எழுதினார்கள். 2017 செப்ரெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து இரண்டு பேரை விடுவித்தது. அந்த இரண்டு பேரை யாரும் தொடக்கத்தில் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இது நல்ல பாடம், ஆனால் நான் அந்த வழக்கை எடுப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் எதிரிகளின் (குற்றம் சாட்டப்பட்டவர்களின்) வீட்டுக்காரரும் எங்களோடு ஒரே பஸ்ஸில் போய்வருகிற இடம் இது. நாங்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு விவாதிப்பதற்கு அவர்களுடைய துயரம் பொருளில்லை.

தூரத்து வழக்கு, முடிந்த வழக்கு, தீர்ப்பு அச்சில் கிடைக்கும் வழக்கு: இந்த மூன்றும் பொருந்தினால் எடுக்கலாம். எங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தீர்ப்புகளைத் தங்கள் இணையத்தளங்களில் போடுகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆளுக்கு நாலு பக்கம் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் மொழிபெயர்த்துக் கொண்டு வருவார்கள், அவர்களுக்கும் பயிற்சி. யூரியூப் வீடியோவை மாத்திரம் பார்த்துவிட்டு வருபவரை அன்றைக்குப் பார்வையாளராக இருத்திவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனாலும் அடுத்த கிழமை தாளோடு வருவார்.

அடுத்தது, எந்தக் கேள்வியை விவாதிக்கிறோம் என்று கரும்பலகையில் எழுதுங்கள். "குற்றவாளியா" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சண்டை ஒளிந்திருக்கிறது. அவர் அதைச் செய்தாரா? செய்தார் என்பது நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட்டதா? செய்தது கொலைதானா? மூன்றாவதை எங்கள் ஆட்கள் மறந்தே போவார்கள். திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டு வெட்டியவரின் செயல், தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவு சொல்லும் விதிவிலக்குக்குள் விழுந்தால் அது கொலை ஆகாது. 297ஆம் பிரிவில் வேறு தண்டனை. மறுபக்கம், கத்தியைத் தொடாமல் கூட நின்றவர் 32ஆம் பிரிவின் பொது எண்ணத்தால் கொலைக் குற்றவாளி ஆகலாம். ஒருவர் "அவன் வெட்டவே இல்லை" என்கிறார், மற்றவர் "அவன் குற்றவாளிதான்" என்கிறார், இருவரும் சொல்வது சரி. இதைப் பிரிக்காமல் விட்டால் இரவு எட்டு மணி வரைக்கும் கத்திக்கொண்டு இருப்பார்கள்.

இனி, யாரும் வாய் திறக்க முன்னம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். முதல் வரியில் தன் முடிவு. இரண்டாவது வரியில், எந்தச் சான்று எப்படி மாறினால் அந்த முடிவை விடுவேன் என்பது. இரண்டாவது வரியை எழுத முடியாதவருக்கு அன்றைக்குப் பேச்சு இல்லை. கண்ணகி பாண்டியன் சபையில் செய்தது இதைத்தான். கோவலன் நல்லவன் என்று அவள் வாதாடப் போகவில்லை, போயிருந்தால் தோற்றிருப்பாள். என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்றாள். எங்களுடையதில் முத்து என்று அரசன் வாயால் வந்தது. பிறகுதான் சிலம்பு உடைந்தது. இரண்டு பக்கமும் முதலே வாக்குக் கொடுத்திருந்ததால் உடைந்த பிறகு பேச ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் கோயில் திருவிழா வழக்காடு மன்றங்களில் இந்த ஒழுங்கு இல்லை. அங்கே கைதட்டு வாங்கினவர்தான் வென்றவர்.

சான்றுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒன்று முடியாமல் மற்றதுக்குத் தாவ விடாதீர்கள். நான் எப்போதும் ஒப்புதல் வாக்குமூலத்தில் தொடங்குவேன், ஏனென்றால் அதுதான் எல்லாரையும் மயக்குவது. "அவனே ஒத்துக்கொண்டிட்டான், பிறகென்ன பிள்ளை?" என்பார் மனேஜர் மாமா. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர், கணக்குப் புத்தகத்தில் கையெழுத்து இருந்தால் கடன் இருக்கிறது என்று நம்புகிற மனுசன். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. பொலிஸாருக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அதன் 25ஆம் பிரிவு அப்போதே சொல்லிவிட்டது. ஏன் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்று மேசையில் கேளுங்கள். பிறகு 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை வாசியுங்கள். அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்ன ஒப்புதல் செல்லும். அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் சுமையும் எதிரியின் தலையில். இந்த மேசையில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அமைதியாகி விடுவார்கள்.

இதற்கு நான் எடுக்கும் வழக்கு யப்பானில் நடந்தது. இவாவோ ஹகமாடா, முன்னாள் குத்துச்சண்டை வீரர், மிசோ (புளிக்க வைத்த சோயாக் கூழ்) தொழிற்சாலைத் தொழிலாளி. 1966இல் முதலாளி வீட்டில் நாலு பேர் கொல்லப்பட்டார்கள். நாள் கணக்காக விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். 45 வாக்குமூலங்களில் 44ஐ நீதிமன்றமே தள்ளிவிட்டது, ஒன்றை ஏற்றது. அந்த ஒப்புதலில் கொன்றபோது இரவு உடுப்புப் போட்டிருந்ததாக இருக்கிறது. ஆனால் ஒரு வருசத்துக்கு மேல் கழித்து, தொழிற்சாலையின் மிசோத் தொட்டிக்குள் இரத்தக் கறையோடு வேறு ஐந்து உடுப்புகள் அகப்பட்டன. 1968இல் மரண தண்டனை. காற்சட்டை அவருக்குப் புகவில்லை. கறையோ இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு வருசம் மிசோவுக்குள் ஊறிய இரத்தம் சிவப்பாக இருக்குமா என்று அவர் பக்கத்தார் பரிசோதித்தார்கள், கறுத்துப் போனது. 2024 செப்ரெம்பர் 26 அன்று மறுவிசாரணையில் விடுதலை. உடுப்புகள் விசாரணையாளர்களால் உருவாக்கப்பட்டவை என்று நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கைக் கொடுக்கும்போது 2024ஐ மறைத்து 1968இன் தாள்களை மாத்திரம் கொடுங்கள். இரவு உடுப்புக்கும் ஐந்து உடுப்புக்கும் உள்ள முரணை யார் முதலில் பிடிக்கிறார் என்று பாருங்கள். எங்கள் மேசையில் பிடித்தது தையல் படிக்கும் ஒரு பெட்டை. உயர்தரப் பெடியள் சட்டப் பிரிவுக்குள்ளேயே நின்றார்கள்.

ஒப்புதலுக்கு அடுத்து, "பொருளை எடுத்துக் காட்டினவன் தானே" என்ற வாதம் வரும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு பொருள் கண்டெடுக்கப்பட வழிவகுத்த அந்தத் துண்டு வாக்குமூலத்தைச் சான்றாக எடுக்கலாம். ஆனால் அது காட்டுவது, கத்தி பனங்காணிக்குள் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதை மாத்திரம். எப்படித் தெரியும் என்பது வேறு. தானே வைத்திருக்கலாம், வைத்தவரைக் கண்டிருக்கலாம், யாரும் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றையும் பலகையில் எழுதி, மற்றச் சான்றுகள் எதை அடைக்கின்றன என்று ஒவ்வொன்றாக வெட்டச் சொல்லுங்கள்.

கண்கண்ட சாட்சியைச் சுருக்கமாக முடிக்கலாம். அதே சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி எத்தனை சாட்சிகள் என்ற கணக்கே இல்லை, நம்பத்தக்க ஒருவர் காணும். கனபேர் சொன்னால் உண்மை என்று நினைப்பவருக்கு அமெரிக்காவின் கேர்க் பிளட்ஸ்வேர்த்தைக் கொடுங்கள். 1985இல் ஐந்து சாட்சிகள் அவரை அடையாளம் காட்டினார்கள், மரண தண்டனை. 1993இல் மரபணுப் பரிசோதனை அவரை வெளியே விட்டது. பத்து வருசம் கழித்து அந்த மரபணு வேறு ஒருவரோடு பொருந்தியது. அந்த ஆள் முன்பு அவரோடு ஒரே மறியலில் (சிறையில்) இருந்தவர்.

மருத்துவச் சான்றுக்கு எங்கள் முதியவர்களிடம் சதாசிவம் வழக்கைக் கேளுங்கள், உயிர் வந்துவிடும். கிரிக்கெற் வீரர் மகாதேவா சதாசிவம், 1951 ஒக்ரோபர் 9 அன்று பம்பலப்பிட்டி வீட்டில் மனைவி கொல்லப்பட்ட வழக்கு. வேலைக்காரப் பெடியன் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். சதாசிவம் காலையில் வாடகைக் காரில் வெளியேறிவிட்டார், ஆகவே மரணம் அதற்கு முன்னமா பின்னமா என்பதே முழு வழக்கும். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார், கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், 1953இல் யூரிமார் விடுவித்தார்கள். தண்டனை பெற்றவர் அல்ல, அதனால் எங்கள் தலைப்புக்குள் நேராக வராது. ஆனாலும் புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்க வழக்கை நான் காணவில்லை. கேள்வி ஒரு மணிக்கூட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

"அப்ப வேறை ஆர் செய்தது?" இந்தக் கேள்வி எல்லா அமர்விலும் வரும். பதில் சொல்ல வேண்டியது எதிரியின் கடன் இல்லை. என்றாலும் கேள்வியைத் தடை செய்யாதீர்கள், கடைசி அரை மணித்தியாலத்துக்கு ஒதுக்குங்கள். அப்படியே ஆளின் குணம், குடி, சாதி, சீதனச் சண்டை, சாத்திரத்தில் என்ன கிடந்தது எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். அந்த நேரம் வரும்போது பாதிப் பேருக்கு அதைக் கதைக்கும் ஆசை போயிருக்கும்.

விடுதலை, மன்னிப்பு என்ற சொற்கள் வந்தால் உடனே நிறுத்துங்கள். ராஜீவ் காந்தி கொலையில் பேரறிவாளன் இரண்டு 9 வோல்ட் பற்றறி வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. எதற்கென்று தெரியாமல்தான் வாங்கினேன் என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிந்த அதிகாரி 2013இல் சொன்னார். இது தீர்ப்பைத் தாக்கும் சான்று, விவாதியுங்கள். ஆனால் 2022 மே 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் உறுப்புரையின் கீழ் அவரை விடுவித்தது, குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. மறுபக்கம் மிருசுவில். உள்ளூர் வழக்குத்தான், ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு மாத்திரம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்ப் பொதுமக்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டதற்கு 2015இல் இராணுவச் சார்ஜன் ஒருவருக்கு மரண தண்டனை கிடைத்தது, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புக் கடதாசி ஒரு சாட்சியையும் மாற்றவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றில் கிடைத்த விடுதலையைக் கொண்டாடுபவர் மற்றதில் கொதிப்பார். இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் மிகக் கஷ்டமான பதினைந்து நிமிடம் இதுதான். தலைவராக இருப்பவர் தன் முகத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

கொஞ்ச அமர்வுகள் போனதும் ஒரு வியாதி பிடிக்கும். எந்த வழக்கைக் கொடுத்தாலும் "அப்பாவி" என்று எழுதத் தொடங்குவார்கள், அதுதான் கெட்டித்தனம் என்று நினைத்து. அதற்கு ரோஜர் கோல்மன். வேர்ஜினியாவில் சுரங்கத் தொழிலாளி, மனைவியின் சகோதரியைக் கொன்றதாக வழக்கு. நேரக் கணக்கு இடிக்கிறது என்றார்கள், மறியலுக்குள் கேட்டதாகச் சொன்ன சாட்சியை நம்ப முடியாது என்றார்கள். கடைசி வரைக்கும் தான் செய்யவில்லை என்றே சொன்னார், உலகம் முழுக்க ஆதரவு. 1992இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2006 ஜனவரியில் வந்த மரபணு முடிவு அவர்தான் செய்தார் என்று காட்டியது. வாதத்தாள்களை மாத்திரம் முதலில் கொடுத்து, எல்லாருடைய துண்டுகளையும் சேர்த்த பிறகு 2006ஐ வாசியுங்கள். மனேஜர் மாமா என்னோடு இன்னும் கோபம்: "உந்தத் தாளை முதலே தந்திருக்கலாமே பிள்ளை." தரவேண்டாம். துண்டுகளை வாங்கிக் கவருக்குள் போட்டு ஒட்டிய பிறகுதான்.