வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி முதல் ராமநாதபுரம் வரை கடலோர ஊர்களில் சவூதி, பஹ்ரைன், கத்தார், ஈரான் என்று லாஞ்ச் (மீன்பிடி விசைப்படகு) வேலைக்குப் போனவர்கள் நிறைய. சம்பாதித்து வீடு கட்டியவர்களும் உண்டு. உழைத்த காசு கைக்கு வராமல், ஊருக்குத் திரும்பவும் முடியாமல் தவித்தவர்களும் உண்டு. தவித்தவர்களின் கதையை விசாரித்தால், சிக்கல் பெரும்பாலும் கடலில் தொடங்கியிருக்காது. விமானம் ஏறுவதற்கு முன்பே, ஊரில் வைத்தே தொடங்கியிருக்கும்.

"நம்ம ஊர்க்காரர்தான் விசா எடுத்துத் தர்றார், என்ன பயம்?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விசாவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அங்கே நமக்குப் பொறுப்பாளி, அதாவது கஃபீல். ஃப்ரீ விசா என்று விற்கப்படுவதில் கஃபீல் ஒருவர், வேலை தருகிற லாஞ்ச் முதலாளி வேறொருவர். சவூதியில் கஃபீல் அல்லாத இன்னொருவரிடம் வேலை செய்வது குற்றம். கஃபீல் நினைத்தால் 'ஹுரூப்', அதாவது ஆள் ஓடிவிட்டார் என்று புகார் பதியலாம். அதன்பின் கடலில் எவ்வளவு உழைத்திருந்தாலும், சம்பளப் பாக்கி கேட்டுப் போகிற இடத்தில் நாமே குற்றவாளியாக நிற்க வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவதும் இதே குழிதான்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கடன்தான் பிறகு எந்த அநியாயத்தையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது. வேலைக்கு எடுப்பதற்கான கட்டணத்தை மீனவர் தலையில் கட்டவே கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கை (2007). இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று கேட்கிற குரல் நம் கடற்கரையிலிருந்துதான் உரக்க வர வேண்டும்.

ஈரானுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி, பஹ்ரைன், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை. அதனால் யார் போனார், எந்த முதலாளியிடம் போனார் என்பதற்கு அரசிடம் பதிவே இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். 2020இல் கொரோனா வந்தபோது மாதக்கணக்கில் ஈரான் கரையில் நம் மீனவர்கள் லாஞ்சுகளிலேயே முடங்கிக் கிடந்தார்கள். பந்தர் அப்பாஸிலிருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடி வந்து சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் தமிழக மீனவர்கள். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துவிட்டுப் போவது இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கும்.

சரி, விசாவும் ஏஜென்டும் ஒழுங்கு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு பங்குக் கணக்கை வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவது. என்னைக் கேட்டால் அதிகப் பணம் கரைவது இங்கேதான். பல லாஞ்சுகளில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு நடைக்கு மீன் 10,000 ரியாலுக்குப் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 4,000. மிச்சம் 6,000இல் பாதி முதலாளிக்கு. மீதி 3,000ஐ ஆறு பேர் பிரித்தால் தலைக்கு 500. அதே நடையில் இன்ஜின் ரிப்பேர் என்று இன்னொரு 1,000 ரியாலைச் செலவில் ஏற்றிவிட்டால் பங்கு 416 ஆகிவிடும். இன்ஜினும் வலையும் முதலாளியின் சொத்து, ரிப்பேரில் பாதியைக் கொடுப்பது நாம். மீனை முதலாளியே தன் கடைக்கு எடுத்துக்கொண்டால் விலையும் அவர் சொல்வதுதான். எது செலவில் சேரும், எது சேராது, மீன் ஏலத்தில் போகுமா, முன்பணம் எப்படிக் கழியும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அரபியில் மட்டும் எழுதிய தாளில் கையெழுத்து வேண்டாம். நமக்குப் புரிகிற மொழியிலும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே போனபின் ஒரு சின்ன நோட்டு போதும். கடலுக்குப் போன தேதி, திரும்பிய தேதி, எத்தனை பெட்டி மீன், என்ன விலை, எத்தனை லிட்டர் டீசல், கையில் வாங்கிய காசு. விற்ற சீட்டைப் போட்டோ எடுத்து ஒவ்வொரு நடைக்கும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். போன் தொலைந்தாலும் கணக்கு வீட்டில் இருக்கும். சவூதியில் இது இன்னும் முக்கியம். அங்குள்ள 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 500 டன்னுக்குக் குறைவான கப்பல்களில் வேலை செய்கிறவர்களைத் தனியாக ஒதுக்கி வைத்தது. மீன்பிடி லாஞ்சுகள் அவ்வளவு பெரியவை அல்ல. சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் எழுத்துதான் நமக்குத் துணை.

பாஸ்போர்ட்டை முதலாளி கேட்டால் கொடுத்துவிடுவது அப்புறம் வருகிற தவறு. அது இந்திய அரசின் சொத்து. முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும்.

கடல் எல்லை விஷயத்தில் "முதலாளி பார்த்துக்கொள்வார்" என்று இருக்கக் கூடாது. ஈரானில் வேலை பார்த்த இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் 2024 செப்டம்பரில் பஹ்ரைன் கடலோரக் காவல்படையிடம் பிடிபட்டார்கள். எல்லை தாண்டிய குற்றத்துக்குச் சிறையில் இருந்துவிட்டு டிசம்பரில்தான் விடுதலையானார்கள். சிறைக்குள் கிடந்தது முதலாளி அல்ல, லாஞ்சில் இருந்தவர்கள். கேப்டன் எல்லை தாண்டச் சொன்னால் மறுக்கவும், ஜிபிஎஸ் காட்டும் இடத்தை மற்றவர்களும் பார்த்துவைக்கவும் வேண்டும்.

ஆள் காணாமல் போனால் குடும்பம் "வந்துவிடுவார்" என்று காத்திருந்து நாளைக் கடத்துவதும் நடக்கிறது. உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை காப்பீடும் உதவித்தொகையும் இழுபறிதான். செய்தி வந்த அன்றே ஊர்க் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். வெளியுறவுத் துறையின் 'மதாத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதியுங்கள். முதலாளி தரப்பு இழப்பீடு என்று சொல்லி நீட்டும் வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.