மணலைக் கொட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

வன்னியில் வீடு கட்டுபவர்கள், மணல் வந்ததும் உழவு இயந்திரப் பெட்டியிலேயே அதை அளந்துவிடுங்கள். மேற்பரப்பைச் சமப்படுத்தி, ஐந்து இடங்களில் கம்பியைக் குத்தி ஆழத்தின் சராசரியை எடுங்கள். பெட்டியின் உட்புற நீளம், அகலம், இந்த ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 100 ஆல் வகுத்தால் கியூப் (100 கன அடி) கணக்கு வந்துவிடும். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 0.9 கியூப்தான்.

‘லோட்’ என்பது அளவே அல்ல. பெட்டிக்குப் பெட்டி மாறும். கிறவல் வீதியில் குலுங்கி வரும்போது மணலும் இறுகிவிடும். நிலத்தில் குவித்த பின்னர் சரியாக அளக்கவே முடியாது, பேச்சுத்தான் மிஞ்சும்.

ஈர மணலுக்கு இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். இலேசான ஈரம் மணலைக் காற்பங்கு வரைகூட உப்ப வைக்கும். நேர்ப்பக்கமுள்ள பேணி நிறைய அந்த மணலைப் போட்டு, மூழ்கும்வரை நீர் விட்டுக் கலக்குங்கள்; பேணியின் உயரத்தில் எத்தனை பங்கு இறங்குகிறதோ, கியூப் கணக்கிலும் அத்தனை பங்கைக் கழியுங்கள். மாரியில் இதைச் செய்தே ஆகவேண்டும். சல்லிக்கல் அப்படி உப்புவதில்லை. அத்திவாரக் கருங்கல்லுக்கு இந்த அளவு முறை உதவாது, இடைவெளிகள் அதிகம்.