ஸ்காபரோவா, மார்க்கமா, ஏஜாக்ஸா? பிள்ளைகளோடு ரொறன்ரோ வருபவர்கள் வீடு பார்க்கும்போது

ரொறன்ரோவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கட ஆக்கள் எந்தப் பக்கம் கூட?" என்றுதான். ஸ்காபரோவில் மார்க்கம் ரோடு, மோர்னிங்சைட், மல்வேர்ன் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் மார்க்கம், கிழக்கே போனால் பிக்கரிங், ஏஜாக்ஸ், மேற்கே பிரம்டன். இந்த இடங்களில் எங்கே இருந்தாலும் கறிவேப்பிலைக்கும் இடியப்பத்துக்கும் அலைய வேண்டி வராது. அதனால் தமிழ்க்கடை பக்கத்தில் இருப்பதை ஒரு காரணமாக எடுக்கவே வேண்டாம். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், பெப்ரவரி மாதத்தில் எப்படிப் போய் வரும் என்பதைப் பார்த்து வீடு எடுங்கள்.

இங்கே அரசுப் பள்ளிக்கூடத்தை நீங்கள் தெரிவு செய்வதில்லை, உங்கள் முகவரிதான் தெரிவு செய்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை சில இடங்களில் ஒரு தெருவின் நடுவால் போகும். எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளி, உங்கள் பிள்ளை வேறு பள்ளி. கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளியே உங்களுடையது என்று நினைக்காமல், வீட்டு இலக்கத்தையும் தெருப்பெயரையும் அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பாடசாலைச் சபையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ரொறன்ரோ சபை, வடக்கே யோர்க் பிராந்திய சபை, ஏஜாக்ஸ் பக்கம் டூரம் சபை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அரசுச் செலவில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் உண்டு. அவற்றின் எல்லைகள் வேறு.

இணையதளம் பெயரைக் காட்டினாலும் பள்ளி அலுவலகத்துக்கு ஒருமுறை போன் எடுத்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய கட்டடங்கள் எழும் இடங்களில் வேலிக்கு வெளியே சபை ஒரு பலகை வைத்திருக்கும்: இங்கே குடிவரும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம், தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப்படலாம் என்று. விற்பனை அலுவலகத்தின் பளபளப்பில் அந்தப் பலகையை யாரும் நின்று வாசிப்பதில்லை. அதே போன் அழைப்பில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்க்கும் பராமரிப்பு அங்கே இருக்கிறதா, காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்றும் கேட்டுவிடுங்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பள்ளி விட்டால், ஐந்து மணிக்கு வேலை முடிகிற இருவர் என்ன செய்வது? தாத்தா பாட்டி கூட இல்லாத குடும்பத்துக்கு இது வாடகையை விடப் பெரிய பிரச்சினை. பிள்ளைக்கு நான்கு வயது நிறைகிற ஆண்டின் செப்டம்பரிலேயே முழுநாள் பாலர் வகுப்பு தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பள்ளிகளுக்குத் தரவரிசை போடும் பட்டியல்களை உறவினர்கள் அனுப்புவார்கள். அவை பெரும்பாலும் மாகாணத் தேர்வுப் புள்ளிகளை வைத்துப் போடுபவை. ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன உதவி தருகிறது என்று அதில் இருக்காது. நான் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

அப்புறம் போக்குவரத்து. பழைய ஆட்கள் சொல்லும் யோசனையைத் தேதி பார்த்து எடுங்கள். ஸ்காபரோவின் ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றுவிட்டது. அந்த வழியில் இப்போது பஸ்தான். சுரங்க ரயிலை மக்கவன், ஷெப்பர்ட் வீதிகள் சந்திக்கும் இடம் வரை நீட்டும் வேலை நடக்கிறது. "சப்வே வருது" என்று சொல்லி யாராவது வாடகையைக் கூட்டிக் கேட்டால், வராத ரயிலுக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நல்ல மாற்றம் ஒன்றும் உண்டு: 2024 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தான டிடிசிக்கும் யோர்க், டூரம் பஸ்களுக்கும் இடையே குறித்த நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. ஸ்டீல்ஸைத் தாண்டினால் இரட்டைச் செலவு என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு டிடிசியில் கட்டணமே இல்லை.

ஏஜாக்ஸில் அதே வாடகைக்கு இடம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கலாம், ஆனால் இருவரும் இரு திசையில் வேலைக்குப் போனால் இரண்டு கார் வேண்டும். ஒன்ராறியோவில் கார் காப்புறுதி நீங்கள் இருக்கும் தபால் குறியீட்டைப் பொறுத்து மாறும். வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த முகவரிக்கு எவ்வளவு வரும் என்று விலை கேட்டு வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

வந்த புதிதில் பலர் பேஸ்மென்டில்தான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பகலில் போய்ப் பாருங்கள். யன்னல் திறக்கிறதா, நெருப்புப் பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வழியால் வெளியே வருவீர்கள், புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈர மணம் வந்தால் அந்த வீடு வேண்டாம். ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கருவி மேல்வீட்டில் இருந்தால், குளிரை அவர்களோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். வீட்டின் பக்கவாட்டால் இறங்கும் படிகளில் பனியை யார் தள்ளுவது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாமான் பையும் குழந்தையுமாக உறைந்த படியில் இறங்கப் போவது நீங்கள்தான்.

காசு விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கேட்கலாம். சேதத்துக்கென்று வாங்கும் முற்பணம், "டமேஜ் டிபாசிட்", கேட்க முடியாது. தெரிந்தவர் வீடு என்றாலும் மாகாணத்தின் நிலையான ஒப்பந்தப் படிவத்தில் எழுதுங்கள். இன்னொன்று: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த கட்டடங்களுக்கு வருடாந்த வாடகை உயர்வின் உச்சவரம்பு கிடையாது. புத்தம்புதுக் கொண்டோ அடுக்குமாடியில் இரண்டாம் ஆண்டு வாடகை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிள்ளை பள்ளியில் வேரூன்றிய நேரத்தில் வீடு மாற வேண்டி வரலாம். கொஞ்சம் பழைய கட்டடம் குடும்பத்துக்கு நிம்மதி.

அந்த இடம் "பொல்லாத ஏரியா" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு நிலவரம் என்று கேளுங்கள். ரொறன்ரோ பொலிஸ் பகுதிவாரியாகக் குற்றத் தரவை இணையத்தில் வரைபடமாகவே வைத்திருக்கிறது. அதைவிட, ஒரு வேலைநாள் காலை எட்டரைக்குப் போய்ப் பள்ளிக்குப் போகும் வழியை நடந்து பாருங்கள். மஞ்சள் அங்கியோடு பிள்ளைகளைத் தெருக் கடத்தும் ஆள் நிற்கிறாரா, ஆறு வழிப் பெருந்தெரு ஒன்றை நடந்து கடக்க வேண்டுமா என்று அப்போது தெரியும். இருட்டிய பிறகும் ஒருமுறை போங்கள். நடை தூரத்தில் நூலகக் கிளை இருந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு புள்ளி போடலாம். தமிழ்ப் புத்தகம் வேறு கிளையில் இருந்தாலும் இணையத்தில் பதிந்தால் உங்கள் கிளைக்கே வந்து சேரும்.

வாடகைக்கு இருப்பவர் வெளியேற 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதனால் செப்டம்பர் முதலாம் தேதி காலியாகும் வீடுகள் ஜூலை தொடக்கத்திலேயே விளம்பரத்துக்கு வரத் தொடங்கும். அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடிவரவுப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். ஒப்பந்தம் கையில் வந்ததும் அதைத்தான் முகவரிச் சான்றாகப் பள்ளியில் காட்டுவீர்கள். தடுப்பூசி அட்டை தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.