பூலில் பிரிட்ஜ் கை வைப்பது எப்படி?

துணி விரித்த மேசையில், க்யூ எனும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்தான் பூல். க்யூவின் முனை வெள்ளைப் பந்தில் எந்த இடத்தில் படும் என்பதை முடிவு செய்வது, க்யூவை முன்னால் தாங்கும் கைதான். அந்தக் கை நிற்கும் நிலைக்குத்தான் பிரிட்ஜ் என்று பெயர். புதிதாக ஆடுபவர்கள் வலது கையின் வீச்சையே மணிக்கணக்கில் பழகுகிறார்கள். முன்னால் இருக்கும் கை அசைந்தால் அந்த உழைப்பெல்லாம் வீண். (வலது கைக்காரர்களுக்காக எழுதுகிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

1. திறந்த பிரிட்ஜ்

இடது கையைத் துணியின் மேல் வைத்து விரல்களை நன்றாக விரியுங்கள். விரல் முட்டிகளைக் கொஞ்சம் தூக்கி, கட்டை விரலை ஆள்காட்டி விரலின் அடியோடு ஒட்டி மேல்நோக்கி நிமிர்த்துங்கள். நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். க்யூ ஓட வேண்டியது அதில்தான். விரல் நுனிகளும் மணிக்கட்டுப் பக்க மேடும் துணியில் அழுந்தியே இருக்கட்டும். பள்ளத்திலிருந்து வெள்ளைப் பந்து வரை 15 முதல் 25 செ.மீ. இடைவெளி போதும். ஆரம்பத்தில் 20-ஐத் தாண்ட வேண்டாம்.

2. உயரம்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மி.மீ. அப்படியென்றால் அதன் நடுப்பகுதி துணியிலிருந்து ஏறக்குறைய 28 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பந்தைப் பின்னால் இழுக்கும் டிரா ஷாட்டுக்கு நடுவுக்குக் கீழே அடிக்க வேண்டும். அப்போது பலரும் பிரிட்ஜை அப்படியே வைத்துக்கொண்டு க்யூவின் பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள். முனை கீழே போகும், உண்மைதான். ஆனால் க்யூ சரிவாக இறங்குவதால் வெள்ளைப் பந்து லேசாகத் துள்ளும். பக்கவாட்டில் கொஞ்சம் பட்டுவிட்டால் வளைந்தும் ஓடும்.

செய்ய வேண்டியது, கையைத் தட்டையாக்குவது. விரல்களை இன்னும் முன்னே நகர்த்தி விரியுங்கள். முட்டிகள் தானாக இறங்கும், பள்ளமும் கூடவே இறங்கும். க்யூவின் பின்பக்கம் ரெயிலில் (மேசையின் உயர்ந்த விளிம்பில்) இடிக்காத அளவுக்குத் தாழ்வாகவே இருக்கட்டும். வெள்ளைப் பந்தை முன்னே ஓடவிடும் ஃபாலோ ஷாட்டுக்கு இதற்கு நேர்மாறு: விரல்களை உள்ளே இழுத்து முட்டிகளை உயர்த்துங்கள்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி: வெள்ளைப் பந்துக்குப் பதில் ஒரு பட்டைப் பந்தை (நடுவில் நிறப் பட்டை ஓடும் பந்து) எடுத்து, பட்டை படுக்கைவசமாக இருக்கும்படி வையுங்கள். முனையில் சாக் (வழுக்காமல் இருக்கத் தடவும் சுண்ணக்கட்டி) தடவி, டிரா அடித்துவிட்டுப் பந்தை எடுத்துப் பாருங்கள். சாக் பொட்டு பட்டைக்குள், கீழ் ஓரத்தை ஒட்டி இருந்தால் அருமை. ஓரத்தைத் தாண்டியிருந்தால் முனை வழுக்கும் எல்லைக்குப் போய்விட்டீர்கள்.

3. மூடிய பிரிட்ஜ்

ஆள்காட்டி விரலை க்யூவின் மேல் வளைத்து, நுனியைக் கட்டை விரல் நுனியோடு சேருங்கள். நடுவிரல் கீழிருந்து தாங்கும். மற்ற விரல்கள் விரிந்து நிற்கும். வளையம் இறுகினாலும் தப்பு, தளர்ந்தாலும் தப்பு.

எது உயர்ந்தது என்ற சண்டை தேவையில்லை. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் பெரும்பாலும் மூடிய பிரிட்ஜில் ஆடியவர். ஸ்னூக்கரிலிருந்து வந்த அலிசன் ஃபிஷர் திறந்த பிரிட்ஜோடு உலகப் பட்டங்கள் வென்றவர். என் கருத்தில், குறி பார்ப்பதற்கு திறந்தது எளிது. பலமான ஷாட்டில் க்யூ எகிறாமல் இருக்க மூடியது நல்லது.

வியர்வைக்குப் பவுடர் போடாதீர்கள். துணி முழுக்க வெள்ளைத் திட்டாகிவிடும். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்குங்கள், அதோடு க்யூவை அடிக்கடி துடையுங்கள்.

4. ரெயில் ஓரம்

வெள்ளைப் பந்து குஷன் (ரெயிலின் உள்பக்க ரப்பர்) அருகே நின்றால் கையை ரெயிலில் தட்டையாக வையுங்கள். கட்டை விரலை உள்ளே மடக்கி, அதன் பக்கத்தில் க்யூவை ஒட்டவிட்டு, ஆள்காட்டி விரலை க்யூவுக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கம் ஊன்றுங்கள்.

பிற்சேர்க்கை: கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் வேறு பந்து மறித்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உள்ளங்கையைத் தூக்கி, விரல் நுனிகளிலேயே நின்று, கட்டை விரல் பள்ளத்தை மட்டும் உயரத்தில் வையுங்கள். மெதுவாக அடியுங்கள், இந்த நிலையில் பலம் வேலைக்கு ஆகாது. அந்தப் பந்தில் கையோ சட்டையோ பட்டால் பல போட்டிகளில் ஃபவுல். அதனால் அடித்து முடித்ததும் அவசரமாக எழாமல், கையை நேர் மேலே எடுங்கள்.