நேபாளத்துக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பீகார் எல்லையில் உள்ள ரக்சௌலில் ரிக்‌ஷா ஏறினால் சற்று நேரத்தில் நேபாளத்தின் பீர்கஞ்ச். விசா வேண்டாம், கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தால் போதும். இந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது. பக்கத்து மாவட்டத்துக்கு வெள்ள நிவாரணம் கொண்டுபோகிற நினைப்பிலேயே எல்லையைக் கடந்துவிடுகிறோம்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நான் இரண்டு முறை போனேன். கீழே உள்ளவற்றில் பாதி நாங்களே செய்த தவறுகள்.

ஆளுக்குத்தான் எல்லை திறந்திருக்கிறது, சரக்குக்கு இல்லை. சுங்கத்தை அங்கே ‘பன்சார்’ என்பார்கள். நம் ஊர் வண்டி உள்ளே போகவே பன்சார் சீட்டு வேண்டும். பொருள் பட்டியலும், பெற்றுக்கொள்ளும் உள்ளூர் அமைப்பின் கடிதமும் கையில் இல்லாவிட்டால் லாரி நின்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் முறை நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம். அவர்களுக்கு வார விடுமுறை சனிக்கிழமை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு வரை லாரியடியில் படுத்திருந்தோம்.

பழைய துணி கொண்டுபோகாதீர்கள். நிலநடுக்கத்தில் இடிந்த சிந்துபால்சோக் மாவட்ட மலையில் ஒரு பள்ளி முற்றத்தில் நாங்கள் பிரித்த மூட்டையில் நைலான் சேலைகளும் ஜோடி இல்லாத செருப்புகளும் இருந்தன. வெகுநேரம் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு பாட்டி பூப்போட்ட சேலை ஒன்றை எடுத்து, நீளவாக்கில் கிழித்து, தார்ப்பாய்க்கு நட்டிருந்த மூங்கில்களை இறுக்கிக் கட்டினார். அதற்கு அது நன்றாகத்தான் உழைத்தது. அங்கே தேவைப்பட்டவை தார்ப்பாயும் தகரமும். அடுப்பே இல்லாத இடத்தில் அரிசியைவிட அவல் மேல். அவர்களும் ‘சியூரா’ என்று அதைத்தான் சாப்பிடுகிறார்கள். பணமாகக் கொண்டுபோனால் நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய். அங்கேயே மொத்தக் கடையில் வாங்கினால் பன்சார் தொல்லையும் இல்லை, இடிந்த ஊரின் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, நாமே வீடு கட்டிக் கொடுக்கிறேன் என்று கிளம்புவது. வீடிழந்த குடும்பத்துக்கு நேபாள அரசு 3 லட்சம் நேபாள ரூபாய் தந்தது. மொத்தமாக அல்ல, முதலில் 50,000, பிறகு 1,50,000, கடைசியாக 1,00,000. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்ப்பார். அஸ்திவாரம் சரியா, நிலநடுக்கத்தைத் தாங்கச் சுவரில் குறுக்குப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பார்த்து ஒப்பினால்தான் அடுத்த தவணை. கொத்துக்கரண்டி பிடித்தே பழகாத கல்லூரி மாணவர்கள் பத்து நாளில் ஒரு சுவரை எழுப்பிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்தச் சுவரால் தவணை நின்றுபோவது அந்தக் குடும்பத்துக்கு. உதவி என்று நாம் வைத்த கல்லை அவர்களே பிடுங்கிப் போட வேண்டும். மாணவர்களின் ரயில் செலவை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் வீடு நின்றிருக்கும். மண் சுமக்க ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் சுமக்கலாம். சுவரில் கை வைக்க வேண்டாம்.

காட்மாண்டுவில் அனாதை இல்லங்களுக்குப் போய்க் குழந்தைகளோடு ஒரு வாரம் விளையாடுவது இன்னொரு வழக்கம். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களில், படிக்க வைக்கிறேன் என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு தரகர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்த கதைகள் பல வெளியாகியிருக்கின்றன. பார்வையாளர் தரும் நன்கொடை இருக்கும்வரை அந்தப் பிழைப்பும் நடக்கும். போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

இந்தி எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். தனி மொழி பேசும் தாமாங் இனத்தவரின் கிராமங்களில் வயதானவர்களுக்கு நேபாளியே இரண்டாம் மொழி. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் கேள்வியும் வரும். 2015 செப்டம்பரிலிருந்து நாலு மாதத்துக்கு மேல் பீர்கஞ்ச் எல்லை அடைபட்டுக் கிடந்தது; சமையல் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு. தான் அடைக்கவில்லை என்று இந்தியா சொன்னாலும் அங்கே பலர் இந்தியாவைத்தான் குற்றம் சொன்னார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் என்னிடம், “தார்ப்பாய் கொடுத்தீர்கள், சரி. சிலிண்டரை ஏன் நிறுத்தினீர்கள்?” என்றார். எங்கள் குழுவில் ஒருவர் வாதாட வாயெடுத்தார். அவர் காலை மிதித்து, இன்னொரு டீ சொன்னேன். விறகடுப்பில் கொதிக்க வெகுநேரம் ஆனது.