போட்டோவில் பிடிபடாத காளான்

உள்ளூர் மக்களின் காளான் அறிவைப் பதிவு செய்யும் வேலையில் எனக்கு வந்த சிக்கல் இது: போட்டோவை மட்டும் பார்த்து எது எந்த இனம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெள்ளைக் குடை, வெள்ளைத் தண்டு, எல்லாம் ஒரே மாதிரி.

பறிக்கப் போகிறவர்களோடு கூடவே நடந்தபோதுதான் வழி கிடைத்தது. அவர்கள் குடையைவிட முதலில் தரையைத்தான் பார்க்கிறார்கள். டெர்மிடோமைசிஸ் என்கிற புற்றுக்காளானின் அடித்தண்டு வேர் போல நீண்டு, மண்ணுக்குள் இருக்கும் கறையான் கூடு வரைக்கும் போகும், சும்மா பிடுங்கினால் அந்தப் பகுதி அறுந்து உள்ளேயே தங்கிவிடும் என்பதால் சுற்றிலும் தோண்டி முழுசாக எடுத்தேன்.

அப்புறம் ஸ்போர் அச்சு, அதாவது காளானின் விதை மாதிரியான நுண்ணிய பொடி (ஸ்போர்) தாளில் பதிக்கும் நிறத்தடம். குடையை மட்டும் வெட்டி, செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகள்) பக்கம் கீழே இருக்கும்படி, பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில் வைத்து கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க விட்டால் பொடி படிந்துவிடும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புச் சாயல். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்கிற நச்சுக் காளானுக்குப் பச்சை, ஆனால் இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான், போட்டோ ஏமாற்றாமல் என்ன செய்யும்! (சாப்பிடலாமா என்பதை இந்த நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.)

மாதிரியை மிதமான சூட்டில் காயவைத்து, தேதி, மண், மழை, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர், எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கட்டிவிடுகிறேன்.